டோனட், ஸ்காட்ச், அக்காவின் இருநூற்றைம்பது மரங்கள்

"...காலையில கத்தி புடிக்கிற கை இது. இதுகிட்ட போயி கிளாஸ நீட்டுறீங்களே, உங்களுக்கே நல்லாவா இருக்கு?"

அக்கா இதைச் சொன்னது என்னிடமில்லை, மச்சானிடம். ஆனாலும் பாட்டில் நான் வாங்கி வந்தது என்பதால் திட்டில் பாதியை என் பங்காக எடுத்துக்கொண்டேன். விமான நிலையத்து வரியில்லாக் கடையில் வாங்கிய ஸ்காட்ச். அக்கா வீட்டுக்காரரை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடா போவான்?

இடம், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். நேரம், மாலை ஐந்தரை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்கிறார்கள். அதில் கடைசி வீடு அக்காவுடையது. வாசலில் தகரம் இறக்கிய இடத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் ஒரு தட்டு டோனட்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. துறையூரில் பேக்கரி வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு மாவு பிசையப் போனவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் வாயைப் பார்த்துத்தான். முப்பத்தாறு வயதில் கல்யாணம் கூடிவந்திருக்கிறது. எங்கள் வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டையும் அவன் அக்காவோ தங்கையோ போடவேண்டும். எனக்குக் கூடப்பிறந்த பெண் கிடையாது. அப்பா சின்னப் பையனாக இருந்தபோதே, தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் இந்தியா வந்துவிட்டார். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, இங்கேயே இருந்துவிட்டார். அந்தப் பெரியப்பாவின் மகள்தான் புஷ்பம் அக்கா. போனில் முகம் பார்த்துப் பேசியே எட்டு வருஷம் ஓட்டியிருக்கிறோம். நேரில் இதுதான் முதல் தடவை.

"போன்ல கூப்புட்டா வரமாட்டா. நீயே போயி கையோட கூட்டிக்கிட்டு வா" என்று அம்மா சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் மாப்பிள்ளை கடல் தாண்டுவதா என்று பெண்வீட்டார் முகம் சுளித்தார்கள். நான் தாண்டிவிட்டேன்.

அக்காவின் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாவற்றையும் மச்சானே ஓடியாடி முடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை விடியற்காலை கிளம்பவேண்டும். நான் வந்து சேர்ந்தது திங்கட்கிழமை. எல்லாம் தயார், அக்காவின் சம்மதம் ஒன்றைத் தவிர.

வந்து சேர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கேகாலையில் ஏறிய பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. எங்கள் ஊரில் போலவே இங்கும் நிற்கிறவன் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிடலாம். ஒரு சிங்களப் பெண்மணி, நாற்பத்தைந்து வயதிருக்கும், கேட்காமலே கை நீட்டி வாங்கிக்கொண்டார். டிரைவர் வளைவுகளைத் தன் சொந்த எதிரி போல நடத்தினார். அந்த ஆட்டத்தில் எனக்குத் தூக்கம் வந்ததுதான் ஆச்சரியம். கம்பியைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து விழித்தபோது அந்தப் பெண்மணியும் இல்லை, பையும் இல்லை, நான் இறங்கவேண்டிய இடமும் இல்லை.

பைக்குள் இருந்தவை கல்யாணப் பத்திரிகை, அக்காவுக்கு எடுத்த பட்டுப் புடவை, அப்புறம் பாட்டில். இங்கே த்ரீவீல் என்று சொல்கிற ஆட்டோவைப் பிடித்துத் திரும்பி வந்தேன். லயத்து வாசலில் மச்சான் என் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வாங்க மாப்ள. பை உங்களுக்கு முந்தியே வந்துருச்சு. நீங்கதான் லேட்டு."

கொண்டு வந்து கொடுத்தது ரஞ்சனி என்றார். அக்காவைப் போலவே அதே தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவர், கீழே சிங்களக் கிராமத்தில் வீடு. பையில் ஒட்டியிருந்த விமானச் சீட்டைப் பார்த்ததும் இது புஷ்பத்தின் இந்தியாத் தம்பி என்று புரிந்துகொண்டாராம். எழுப்பினாராம்; நான் எழவில்லையாம். "உள்ள வரச் சொல்லி ஒரு பிளேன்டீ குடுத்திருக்கலாமே" என்றேன். மச்சான் வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "அது ஒரு வருஷமா இந்த வாசப்படி ஏறுறதில்ல."

சரி, டோனட்டுக்கு வருவோம். இந்த நாட்டில் ரொட்டிக்குப் பெயர் பாண். மாலையில் பாண் விற்கும் த்ரீவீல் ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே மலை ஏறி வருகிறது. மெட்டு முதல் வளைவில் கேட்டால் லயத்தில் சில்லறை தேடுகிறார்கள், இரண்டாம் வளைவில் கேட்டால் செருப்பு தேடுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சீனி தூவிய டோனட்டுகளைப் பார்த்ததும் என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். பாண்காரர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். மச்சான் மொழிபெயர்த்தார்: "அமுக்காதீங்க, அது டாக்டருகிட்ட வரல, உங்க வாய்க்குத்தான் வந்திருக்கு."

நல்ல டோனட். எங்கள் ஊரில் பன்னுக்கு ஓட்டை போட்டுவிட்டு டோனட் என்று எழுதிவிடுகிறோம். நானும் அதைச் செய்தவன்தான். இது நிஜமாகவே பொங்கிய மாவு. கடித்தால் எதிர்க்கவில்லை. மச்சான் ஒரு கிண்ணத்தில் கித்துள் பாணி ஊற்றி வைத்தார். கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சி எடுப்பது, நம் கருப்பட்டிப்பாகுக்குச் சொந்தக்காரன். டோனட்டை அதில் தொட்டுத் தின்றேன். இனிமேல் துறையூரில் என் டோனட்டை நானே எப்படி விற்பேன் என்று கவலை வந்துவிட்டது.

மச்சான் அந்தோணி வேலை செய்வது தோட்டத்துப் பழைய தொரை பங்களாவில். இப்போது அங்கே வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் தங்குகிறார்கள். அவர்களுக்குக் கிளாஸ் கலக்குவது இவர் பொறுப்பு. நான் கொடுத்த பாட்டிலைக் கையில் வாங்கி, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, மூடியைத் திருகினார். நான் தண்ணீர் சொம்பை எடுக்கப் போனேன்.

"அவசரப்படுத்தாதீங்க மாப்ள. அது பன்னெண்டு வருஷம் பொறுத்திருக்கு, உங்களுக்குப் பத்து நிமிஷம் பொறுக்க முடியலையா?"

ஆறவைத்த கடுஞ்சாயத் தேநீர், நசுக்கிய இஞ்சி, அரை மூடி எலுமிச்சை, ஒரு கரண்டி கித்துள் பாணி, அதன்மேல் ஸ்காட்ச். "பங்களா மெனுவுல இதுக்கு நீளமா ஒரு பேரு போட்டிருக்காங்க. நான் இத சாயத்தண்ணி நம்பர் டூன்னுதான் சொல்றது" என்றார். நிறத்தைப் பார்த்தால் தேநீர். வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, பிறகு இஞ்சி, தொண்டை தாண்டிய பிறகுதான் ஸ்காட்ச் தன் பெயரைச் சொல்கிறது. அக்காவுக்கும் ஒரு கிளாஸை அவர் நீட்டியபோதுதான் அந்தப் பேச்சு வந்தது, காலையில் கத்தி பிடிக்கிற கை என்று.

அப்படியே பயணத் திட்டத்தையும் ஆரம்பித்தோம். புத்தர் படம் போட்ட காலண்டரை மச்சான் ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை போறோம்..." என்று நான் தொடங்கினேன்.

"யாரு போறா?" என்றாள் அக்கா.

"நீங்கதான்க்கா. நீங்க இல்லன்னா முடிச்சு யாரு போடுறது?"

"ஏன் தம்பி, மரம் இலை கொட்டுற மாசத்துல கல்யாணத்த வைக்கக் கூடாதா? அப்பன்னா வெட்டு கிடையாது. நான் பாட்டுக்கு வந்து முடிச்சென்ன, பந்தி முடியிற வரைக்கும் இருப்பேன்."

எங்கள் ஊரில் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கிறார்கள். இங்கே மரத்தைக் கேட்டுக் குறிக்கவேண்டும் போலிருக்கிறது. பதினைந்து நாளைக்கு, அக்கா பால் வெட்டும் இருநூற்றைம்பது மரங்களை யாரிடம் விடுவது? சிக்கல் அதுதான். வேறு எதுவுமில்லை.

செவ்வாய்க்கிழமை விடியுமுன் அக்காவின் பின்னால் மலைக்குப் போனேன். நெற்றியில் விளக்கு, இடுப்பில் கத்தி, தோளில் வாளி. முந்தைய வெட்டில் உறைந்திருந்த ஒட்டுப்பாலை விரலால் உரித்துப் போட்டு, கத்தியைச் சரிவாக ஓட்டினாள். பட்டைச் சுருள் காகிதம் போல் விழுந்தது. பின்னாலேயே பால் கோடாக இறங்கிச் சிரட்டையில் சொட்டியது. ஒரு மரத்துக்கு இருபது விநாடிகூட ஆகவில்லை.

"தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல மயிரிழைதான் தம்பி எடம். அதத் தாண்டினா பால் கூடுதலா வரும், ஆனா மரத்துல காயம் விழும். மத்தவங்க மரம்னா சில பேரு தாண்டுவாங்க."

ஒரு வரிசையில் நின்று விளக்கைத் திருப்பினாள். வெட்டுக்கு மேலே, மறுபடி வளர்ந்த பட்டையில், கொழுக்கட்டை ஒட்டியதுபோல் முண்டு முண்டாக இருந்தது. இருபது மரமாவது இருக்கும்.

"போன வருஷம் பத்து நாள் காய்ச்சல்ல கெடந்தேன். அந்தப் பத்து நாளும் இத வெட்டுனது ரஞ்சனி. கங்காணி மாசக் கோடு போடுற அன்னைக்குத்தான் நான் எந்திரிச்சு வந்தேன். ரெண்டு மாசம் போனப்புறம் பாத்தா இப்படி வீங்கி நிக்குது. அவளும் நானும் ஒரே பொட்டலத்துல சோறு தின்னவங்க. கேட்டேன். இல்லவே இல்லைன்னா. அதோட பேச்ச விட்டேன்."

"பழைய காயந்தானக்கா?"

"ஆறேழு வருஷத்துல கத்தி இதே எடத்துக்குத் திரும்பி வரும். அப்ப இந்த முண்டு என் கையத் தட்டிவிடும். மனுசன்னா கோவத்த வாயால சொல்லுவான். மரம் ஏழு வருஷம் வச்சிருந்து சொல்லும்."

அன்று மாலை இரண்டாவது கிளாஸ், இரண்டாவது தட்டு டோனட். பாண்காரர் என்னைப் பார்த்ததும் பெட்டியை மூடிக்கொள்வதுபோல் நடித்தார். மாற்று ஆளுக்கு யார் யாரையோ சொல்லிப் பார்த்தோம். ஒருத்திக்குக் கை கனம் என்றாள் அக்கா, இன்னொருத்திக்கு வாய் கனம். மச்சான் மெதுவாக, "ரஞ்சனி..." என்று இழுத்தார். அக்கா டோனட்டைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திட்டம் அத்தோடு நின்றது. காலண்டரில் சீனி ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

புதன்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. கடைகளில் மது கிடையாது. வீட்டிலிருந்த பாட்டிலையும் மச்சான் அலமாரிக்குள் வைத்துச் சாத்தினார். "நமக்கு வேதம் வேற. ஆனா ஊரே வெள்ளை உடுத்திக்கிட்டு விகாரைக்குப் போகையில நாம வாசல்ல உக்காந்து கலக்குனா நல்லா இருக்காது" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

பாதையில் நாங்கள் இரண்டு பேரும் நடந்துகொண்டிருந்தபோது ரஞ்சனி எதிரே வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துணி, கையில் பூத்தட்டு. பைக்கு நன்றி சொன்னேன். அவர் சிரித்து, சிங்களத்தில் நீளமாகப் பேசினார். மச்சானின் முகம் மாறிக்கொண்டே போனது. ரஞ்சனி போன பிறகு மச்சான் எனக்குச் சொன்னார்:

"தம்பி கல்யாணத்துக்குக் கட்டாயம் போகச் சொல்லுங்க, அக்கா போகாட்டி அது பாவம்னு சொல்லுது. ஆனா மரத்த மட்டும் என்கிட்ட குடுக்க வேணாம், கேட்டாலும் வெட்ட மாட்டேன், போன தடவ வெட்டி வாங்குன பேரு போதும்னு சொல்லுது."

அப்படியானால் இரண்டு பக்கமும் கதவு சாத்தியாகிவிட்டது. அம்மாவிடம் போனில் என்ன சொல்வது என்று யோசித்து, ஒன்றும் சொல்லாமல் மழையைப் பற்றிப் பேசி வைத்தேன்.

வியாழக்கிழமை விடியலில் மறுபடி அக்காவோடு போனேன். கடைசி நாள், சும்மாவாவது கூட இருப்போமே என்று. வெளிச்சம் வந்த பிறகு அந்த முண்டு மரங்களருகே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டையின் ஓரத்தில் பச்சைப் பெயின்டில் சின்னச் சின்னக் கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. இவைதான் மாசக் கோடா என்று கேட்டேன்.

"ஆமா. ஒவ்வொரு மாசமும் வெட்டு எந்த எடத்துல நிக்குதோ அங்க கங்காணி ஒரு கோடு போடுவான். எவ்வளவு தோல் செலவாகுதுன்னு பாக்க. இன்னும் கீழ, கீழன்னு எறங்கிக்கிட்டே போகும்."

எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. நானும் மாவுத் தொட்டியில் பென்சிலால் கோடு போடுகிறவன். மாவு எத்தனை மணிக்கு எவ்வளவு உயரம் வந்தது என்று தெரிய வேண்டுமே. என் மாவு மேலே ஏறுகிறது, இவள் வெட்டு கீழே இறங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நினைப்பில் யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"நீங்க காய்ச்சல் விட்டு வந்த அன்னைக்குப் போட்ட கோடு எதுக்கா?"

எண்ணிப் பார்த்து ஒன்றைத் தொட்டாள். "இது. இதப் போட்டதுக்கப்புறந்தான் அன்னைக்கு நான் கத்தி வச்சேன்."

"அப்ப ரஞ்சனி வெட்டுனது இதுக்கு மேல. முண்டு கீழல்ல இருக்கு?"

அக்கா கோட்டுக்கு மேலிருந்த பட்டையைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. கோட்டுக்குக் கீழே அவள் விரல் முண்டில் இடித்து நின்றது. அடுத்த மரத்துக்குப் போனாள். அதற்கடுத்ததற்கும். ஏழெட்டு மரம் பார்த்த பிறகு கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, மரத்தில் சாய்ந்தாள்.

"அன்னைக்குக் கை நடுங்குச்சு தம்பி. கஞ்சிகூடக் குடிக்காம வந்துட்டேன். மரம் அடுத்தவ கையில கெடக்குதேன்னு ஓடி வந்தேன்."

என் வாயைத் தைத்துக்கொண்டால் என்ன என்று இருந்தது. அவள் மீதி மரங்களை ஒன்று விடாமல் வெட்டி முடித்தாள். கை நிதானமாகத்தான் இருந்தது. முகத்தைத்தான் என் பக்கம் திருப்பவில்லை.

பால் நிறுக்கும் இடத்தில் பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். அக்கா தன் இடத்தை விட்டுவிட்டு நேரே ரஞ்சனியிடம் போனாள். சிங்களத்தில் பேசினாள். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் அக்கா தன் வலது கையை விரித்து நடுக்கிக் காட்டியது புரிந்தது. ரஞ்சனி வாளியைக் கீழே வைத்தார். "அனே அக்கே" என்றார்; ஐயோ அக்கா என்று அர்த்தமாம். அதற்குமேல் அவர் பேசியதைப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் எனக்குத் தமிழில் சொன்னாள்: "காய்ச்சலோட ஏன் வந்த, சொல்லியிருந்தா அன்னைக்கும் நானே வெட்டியிருப்பேனேன்னு திட்டுது." ஒரு வருஷம் பேசாதிருந்ததற்கு அவர் கொடுத்த தண்டனை அந்தத் திட்டு மட்டும்தான்.

மாலை மெட்டு முதல் வளைவில் கேட்டபோதே மச்சான் இறங்கிப் போய் ஒரு டசின் டோனட் வாங்கி வந்தார். நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து ஒன்று வந்தது. ரஞ்சனி வாசப்படி ஏறி வந்து அதில் உட்கார்ந்தார். பிளேன்டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, டோனட்டைப் பாணியில் தோய்த்து, நான் அமுக்கிப் பார்த்த கதையைக் கேட்டுப் புரையேறச் சிரித்தார்.

அக்கா உள்ளே போய்க் கத்தியைக் கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் தீட்டி, பழந்துணியில் சுற்றியிருந்தது. பால் வெட்டுகிறவர்கள் கத்தியை யாருக்கும் கொடுப்பதில்லை. அவரவர் கைக்கு அது தேய்ந்திருக்கும். ரஞ்சனிக்கும் சொந்தக் கத்தி உண்டு. "என் மரத்துக்கு இதுதான் பழக்கம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அதையே சிங்களத்திலும் சொல்லி, அவர் மடியில் வைத்தாள். ரஞ்சனி துணியைப் பிரித்துக் கூர் பார்த்து, "ஹரி அக்கே", அதாவது சரி அக்கா, என்று மறுபடி சுற்றிக்கொண்டார்.

மச்சான் காலண்டரைக் கழற்றினார். வெள்ளி விடியற்காலை மூன்று மணிக்கு த்ரீவீல். பட்டுப் புடவை பெட்டியின் அடியில். கித்துள் பாணி இரண்டு போத்தல், ஒன்று பெண்வீட்டுக்கு, ஒன்று என் பேக்கரிக்கு. "பதினஞ்சு நாளைக்கு எனக்கு யாரு சோறாக்குறது?" என்று மச்சான் கேட்டார். "பங்களாவுல அத்தன பேருக்குப் பரிமாறுறீங்க, ஒரு தட்ட உங்க பக்கமும் வச்சுக்கங்க" என்றாள் அக்கா.

பேசிக்கொண்டே அவர் சாயத்தண்ணி நம்பர் டூவைக் கலக்கினார். எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மூன்றாவது கிளாஸை, வழக்கம்போல் திட்டு வாங்குவதற்காகவே, அக்காவிடம் நீட்டினார்.

"காலையில கத்தி புடிக்கிற கை..." என்று அக்கா தொடங்கினாள். பாதியில் நின்றது. எதிரே ரஞ்சனியின் மடியில் கத்தி இருந்தது. தன் உள்ளங்கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்தாள். பிறகு கிளாஸை வாங்கி, கண்ணை மூடி ஒரு மடக்குக் குடித்து, முகத்தைச் சுளித்தாள். ஸ்டூலிலிருந்த பாணிப் போத்தலைத் தானே எடுத்து, இன்னும் ஒரு கரண்டி ஊற்றிக் கலக்க ஆரம்பித்தாள்.